நார்மல் ரிப்போர்ட்டை நம்பி ஒதுக்கிவைக்கும் கட்டி

சோழிங்கநல்லூரைத் தாண்டி செம்மஞ்சேரி, நாவலூர், ஏகாட்டூர், படூர் என்று பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே போகப் போக, அடுக்குமாடிகளின் உயரம் கூடிக்கொண்டே போகும். அந்தக் குடியிருப்புகளின் லிஃப்ட் சுவர்களில் ரத்தப் பரிசோதனை பேக்கேஜ் விளம்பரங்களுக்கு நிரந்தர இடம் உண்டு. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் டி என்று நீளும் பட்டியலின் அடியில், பெண்களுக்கு மட்டும் என்று இன்னொரு வரி இருக்கும்: கேன்சர் மார்க்கர். கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் சி.ஏ. 15-3, சி.ஏ. 125, சி.இ.ஏ. ஆகிய மூன்றையும் பார்த்துவிடலாம். காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போவார்கள். மாலைக்குள் செல்பேசிக்கு ரிப்போர்ட் வந்துவிடும். சி.ஏ. 15-3 என்ற வரியில் 30-க்குக் கீழே ஒரு எண் இருந்தால், 'மார்பகப் புற்றுநோய் இல்லை' என்று படித்துக்கொண்டு அந்தப் பெண் அலுவலகம் கிளம்பிவிடுவார்.

நோய் இல்லாத பெண்களுக்கு விற்கும் பட்டியலிலிருந்து அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அந்தப் பரிசோதனை மோசடி என்று நான் சொல்லவில்லை. நல்ல பரிசோதனைதான், ஆனால் யாருக்காக உருவானதோ அவர்களை விட்டுவிட்டு, யாருக்குப் பயன்படாதோ அவர்களிடம் விலைபோகிறது.

மார்பகத்தில் பால் வரும் நாளங்களின் உட்சுவரில் செல்கள் வரிசையாக நிற்கின்றன. நாளத்தின் உட்புறத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும் அவை மியூசின்-1 என்ற பெரிய புரதத்தைத் தாங்கியிருக்கின்றன. அந்தப் புரதம் நெடுகச் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்த்தியாகத் தொங்கும். புரதமும் சர்க்கரையும் இப்படிப் பிணைந்த மூலக்கூறுதான் கிளைக்கோபுரதம். செல் புற்றாக மாறும்போது உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற ஒழுங்கு குலைந்துபோகிறது. செல்லின் எல்லாப் பக்கத்திலும் மியூசின் முளைக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகள் முழுதாக வளராமல் குட்டையாக நின்றுவிடுகின்றன. நாளத்துக்குள் உதிர வேண்டியது ரத்தத்தில் உதிர்கிறது. அப்படி உதிர்ந்ததை எண்ணிச் சொல்வதுதான் சி.ஏ. 15-3.

இதைப் பிடிக்க இரண்டு எதிர்ப்பொருள்கள் வேண்டும். 1980-களில் நெதர்லாந்தில் ஒன்றை உருவாக்கினார்கள். தாய்ப்பாலில் மிதக்கும் கொழுப்புத் துளிகளின் மேலுறையிலிருந்து. இன்னொன்று அமெரிக்காவின் பாஸ்டனில், உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுத் திசுவிலிருந்து வந்தது. பாலிலிருந்து கிடைத்ததும் புற்றிலிருந்து கிடைத்ததும் ஒரே மூலக்கூறைப் பற்றிக்கொள்கின்றன. மாண்ட்ரியலில் 1965-இல் கண்டறியப்பட்ட சி.இ.ஏ., சினைப்பைப் புற்றுக்கான சி.ஏ. 125, ஆண்களுக்குப் பார்க்கப்படும் பி.எஸ்.ஏ. எல்லாமே கிளைக்கோபுரதங்கள்தான். ரத்தத்தில் புற்றுநோயைத் தேடும் ஆசை அரை நூற்றாண்டாக இந்தக் குடும்பத்தையே சுற்றி வருகிறது.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் கட்டி ரத்தத்தில் உதிர்க்கும் மியூசின் மிகக் குறைவு. கல்லீரலிலும் எலும்பிலும் பரவிய புற்று உதிர்ப்பது அதிகம். அதனால் முதல் கட்டத்தில் இருக்கும் 100 பெண்களில் சுமார் 10 பேருக்குத்தான் சி.ஏ. 15-3 உயர்ந்திருக்கும். இரண்டாம் கட்டத்தில் சுமார் 20, மூன்றாம் கட்டத்தில் 40, நான்காம் கட்டத்தில் 75. எளிதாகக் குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் பத்தில் ஒன்பது பேரைத் தவறவிட்டு, குணப்படுத்துவது கடினமாகிவிட்ட பிறகு நன்றாகக் கண்டுபிடிக்கும் ஒன்றை 'முன்கூட்டியே அறியுங்கள்' என்ற வாசகத்தின் கீழ் விற்கிறார்கள்.

புற்று இல்லாதவர்களிடமும் இந்த எண் உயரும். கல்லீரல் அழற்சி, கல்லீரல் சுருக்கம், மார்பகத்தின் சாதாரணக் கட்டிகள், சில தைராய்டு கோளாறுகள், கர்ப்பம், பாலூட்டும் காலம் எல்லாம் காரணமாகலாம். வைட்டமின் பி12 குறைவால் வரும் ரத்தசோகையில் உயர்ந்து, ஊசி போட்டதும் இறங்கிவிடுவதும் உண்டு. பி12 குறைவு நம் ஊரில் எவ்வளவு சாதாரணம் என்பதைச் சைவ உணவுக்காரர்கள் அதிகமுள்ள எந்தக் குடியிருப்பிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். காசநோயும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. வயிற்றுக் காசநோயில் சி.ஏ. 125 எகிறி, சினைப்பைப் புற்று என்று நினைத்து வயிற்றைத் திறந்த பிறகு காசநோய் என்று தெரியவந்த நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் தொடர்ந்து பதிவாகி வருகின்றன. 1928-இல் காசநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டு, ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வந்த தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை நாம் மறக்கலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களில் சுமார் 40 பேருக்குப் புதிதாக மார்பகப் புற்று வருகிறது. 1981 முதல் அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்திவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு இதைக் கணக்கிட்டுச் சொல்கிறது. தாராளமாகவே, நாவலூர் வட்டாரத்தில் ரத்தம் கொடுக்கும் 10,000 பெண்களில் 20 பேருக்குத் தெரியாமல் ஆரம்பகட்டப் புற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று நான்கு பேருக்கு எண் உயர்ந்திருக்கும். நோயற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு எல்லையைத் தாண்டினால் அது சுமார் 500 பேர். தடித்த எழுத்தில் ரிப்போர்ட் வாங்கும் அந்த 500 பேரும் இனி என்ன செய்வார்கள்? இரவு முழுக்கக் கூகுளில் தேடுவார்கள். ஸ்கேன், மேமோகிராம், மறுபடி ரத்தம், அதற்கும் மனம் ஆறாமல் முழு உடல் பெட் ஸ்கேன். மகளுக்கு வரன் பார்க்கும் வீடாக இருந்தால் விஷயத்தை வெளியில் சொல்லவும் முடியாது. புற்று இருக்கும் 20 பேரில் மிச்சமிருக்கும் குறைந்தது 16 பேருக்கு நார்மல் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

எனக்கு அந்த 16 பேரைப் பற்றித்தான் அதிகக் கவலை. மார்பகப் புற்றுக் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்காத கட்டியை நம் வீடுகளில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும், மாமியாரின் அறுவைசிகிச்சை முடியட்டும் என்று தள்ளிப்போடும் பெண்ணின் கையில் 'நார்மல்' என்று ஒரு காகிதமும் இருந்தால் அந்தத் தள்ளிப்போடலுக்கு மருத்துவ முத்திரை கிடைத்துவிடுகிறது. கையில் கட்டி தட்டுப்படும் பெண்ணுக்கு ரத்தத்தில் எந்த எண் இருந்தாலும் அடுத்து வேண்டியது ஸ்கேனும் ஊசி வைத்து எடுக்கும் திசுப் பரிசோதனையும்தான். இந்தியாவில் மார்பகப் புற்றோடு மருத்துவமனைக்கு வருபவர்களில் பாதிப்பேர் அளவுக்கு முற்றிய நிலையில் வருகிறார்கள் என்பதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தாமதத்துக்கு இன்னொரு சாக்கை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை.

'மூன்று நான்கு பேரையாவது கண்டுபிடிக்கிறதே, அது லாபம்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்குப் பக்கத்து வீட்டுக் கிளைக்கோபுரதம் ஒன்று பதில் சொல்லியிருக்கிறது. பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சி.ஏ. 125 பார்த்தார்கள். ஒரே எண்ணை வைத்து முடிவு செய்யாமல், ஆண்டுக்கு ஆண்டு எண் எப்படி மாறுகிறது என்பதைக் கணித்துத் தேவைப்பட்டவர்களுக்கு ஸ்கேன் செய்யும் நுட்பமான முறை அது. முதல் கட்டத்திலேயே பிடிபட்ட சினைப்பைப் புற்றுகள் கூடின. ஆனால் 2021-இல் வெளியான நீண்டகால முடிவில், அந்தப் புற்றால் இறந்தவர்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. முன்னதாகக் கண்டுபிடித்தாலே உயிர் பிழைப்பார்கள் என்ற பாடத்தை இருபதாண்டு உழைப்பு பொய்யாக்கிவிட்டது. அவ்வளவு கவனமாக நடத்திய ஆய்வுக்கே இந்த முடிவு என்றால், லிஃப்ட்டில் ஒட்டிய பேக்கேஜ் என்ன செய்துவிடும்?

அப்படியானால் சி.ஏ. 15-3 எதற்கு? பரவிய மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு. எலும்பில் பரவிய புற்றை ஸ்கேனில் அளந்து, சுருங்குகிறதா வளர்கிறதா என்று சொல்வது கடினம். அந்த நேரத்தில் இரண்டு மூன்று மாத இடைவெளியில் பார்க்கும் இந்த எண் இறங்குமுகமா ஏறுமுகமா என்பது மருத்துவருக்குப் பெரிய துணை. அதிலும் நெளிவுசுளிவு உண்டு. கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில் செல்கள் சாகும்போது மியூசின் மொத்தமாக ரத்தத்தில் கலந்து எண் திடீரென்று உயரலாம்; மருந்து வேலை செய்வதன் அறிகுறியாகக்கூட அது இருக்கலாம். இதைத் தெரியாமல் செல்பேசியில் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறி மருந்தை நிறுத்தினால் நஷ்டம் நோயாளிக்கு. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2007 வழிகாட்டுதல், இந்த மார்க்கரை நோயறியவோ, நோயற்றவர்களைச் சலித்தெடுக்கவோ, அறுவைசிகிச்சை முடிந்து நலமாக இருப்பவர்களை வழக்கமாகக் கண்காணிக்கவோ பயன்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது. பரவிய நோயில், மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்கலாம் என்றது.

எண் இறங்கினால் நோய் இறங்கியது என்று நினைக்கும் பழக்கம் ஆய்வாளர்களையும் விடுவதில்லை. பழைய மாமல்லபுரம் சாலையின் வடமுனையில், தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 84 மார்பகப் புற்று நோயாளிகளுக்கு கோஎன்சைம் கியூ10, ரைபோஃபிளேவின், நியாசின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்து, அவர்களின் சி.இ.ஏ., சி.ஏ. 15-3 அளவுகள் மூன்று மாதத்தில் குறைந்தன என்று அங்குள்ள ஆய்வாளர்கள் 2007-இல் ஜப்பானிய இதழ் ஒன்றில் எழுதினார்கள். நம்மூர் நோயாளிகளை வைத்து நம்மூர் ஆய்வகத்தில் நடந்த வேலை என்ற வகையில் எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் மூன்று மாத எண்ணைக் கொண்டு, அந்தப் பெண்கள் கூடுதலாக ஒரு ஆண்டு வாழ்ந்தார்களா என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பெரிய எண்ணிக்கையில், நீண்ட காலம் பின்தொடரும் ஆய்வு வேண்டும். மருந்துக் கடையில் கியூ10 டப்பாவைக் கையில் எடுக்கும் உறவினருக்கு இந்த வேறுபாட்டை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மார்பகப் புற்றில் ஒரு கிளைக்கோபுரதம் உண்மையிலேயே ஆயிரக்கணக்கான உயிர்களின் போக்கை மாற்றியிருக்கிறது. அது ஹெர்-2. புற்றுச் செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்பி அது. மார்பகப் புற்றுகளில் ஐந்தில் ஒன்று என்ற அளவில் இது மிகையாக இருக்கும். அந்த நோய் ஒருகாலத்தில் மிகக் கடுமையானது என்று பெயரெடுத்திருந்தது. 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப், நேராக அந்த ஏற்பியையே குறிவைத்தது. பின்னர் இந்திய நிறுவனங்கள் அதே வகை மருந்தைக் குறைந்த விலையில் கொண்டுவந்தன. ஹெர்-2 இருக்கிறதா என்று பார்ப்பது வெட்டியெடுத்த கட்டித் திசுவில். நோய் உறுதியான பிறகு. விடை தெரிந்தால் மருந்தே மாறும். ஒரு மார்க்கரின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. அறுவைசிகிச்சை முடிந்தும் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2வும் பார்க்கப்படாமல் சிகிச்சை பெறும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். பேக்கேஜில் வீணாகும் பணம் அந்தத் திசுப் பரிசோதனைக்குப் போனால் எவ்வளவோ நல்லது.

ரத்தப் பரிசோதனையை மக்கள் விரும்புவதற்குப் பணத்தைத் தாண்டிய காரணமும் உண்டு. கூச்சம். மேமோகிராம் என்றால் மேலாடை கழற்ற வேண்டும், வலிக்கும், எடுப்பவர் ஆணா பெண்ணா என்ற தயக்கம் வேறு. கையை நீட்டினால் முடிகிற வேலையாக இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? அதுவும் போக, நம் பெண்களுக்கு மேற்கத்தியப் பெண்களைவிடச் சுமார் பத்தாண்டு முன்னதாகவே இந்த நோய் வருகிறது. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமும் சில கட்டிகளைத் தவறவிடும். கூச்சத்தைக் கேலி செய்வதில் அர்த்தமில்லை. அதை மதித்தே ஒரு வழி கண்டவர்கள் மும்பைக்காரர்கள்.

டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒரு ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள். ஒரு பாதிப் பகுதிகளில், சில வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். மறு பாதியில் விழிப்புணர்வுப் பேச்சு மட்டும். மருத்துவர் இல்லை, எக்ஸ்-ரே இல்லை. இருபதாண்டுக் கணக்கு 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. பரிசோதிக்கப்பட்ட பகுதிகளில் மூன்றாம், நான்காம் கட்டத்தில் கண்டறியப்பட்டவர்கள் 37 விழுக்காடு. மற்றப் பகுதிகளில் 47. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்று இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே இறப்பில் குறைவு தெரியவில்லை. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் கிடைத்த 15 விழுக்காட்டுக் குறைவும் புள்ளியியல் உறுதி பெறவில்லை. இந்தக் குறைகளை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது. இருந்தாலும், நம் நாட்டில், நம் ஏழைப் பெண்களிடம், இருபதாண்டு காத்திருந்து பெற்ற சான்று இது. சி.ஏ. 15-3 வைத்துச் சலித்தெடுப்பதற்கு இதில் நூறில் ஒரு பங்கு சான்றைக்கூட யாரும் காட்டியதில்லை.

தமிழ்நாட்டு அரசு இந்தப் பக்கம்தான் நடக்கிறது. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்கள் கையால் பரிசோதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வீடு வீடாக அழைப்பு கொடுத்து வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கும் பரிசோதிக்கும் திட்டம் தொடங்கியது. அழைப்புக் கொடுப்பது எளிய பாதி. கட்டி இருக்கிறது என்று செவிலியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு கிளம்பும் பெண், ஸ்கேன், திசுப் பரிசோதனை, அறுவைசிகிச்சை என்று போவதற்குள் எங்கே காணாமல் போகிறார் என்பதைப் பின்தொடர்வது கடினமான பாதி. அரசு கணக்குக் காட்ட வேண்டியது அதில்தான்.

நாவலூரில் இந்தக் காணாமல் போவது இரண்டு மாதிரியாக நடக்கிறது. அடுக்குமாடியின் பன்னிரண்டாவது மாடியில் இருப்பவர் எண்களின் நடுவே தொலைகிறார். அதே மாடியைக் காலை ஏழு மணிக்குப் பெருக்கும் பெண் எண்ணே இல்லாமல் தொலைகிறார். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் அகற்றப்பட்டுச் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பெண்கள் பலர் இந்தச் சாலையின் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 12 படுக்கைகளோடு தொடங்கி, வசதியற்றவர்களைத் திருப்பி அனுப்பாத நெறியில் சாந்தா அம்மையார் தன் வாழ்நாள் முழுக்கக் கட்டிக்காத்த அடையாறு புற்றுநோய் நிறுவனம் நாவலூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். தூரம் அவர்களுக்குத் தடையே இல்லை. அந்த ஒரு நாள் கூலிதான் தடை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 2018-இல் வந்த விதிகள் இருக்கின்றன. ஆய்வகங்களும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு கொடுக்கும் அதிகாரி, கேன்சர் மார்க்கர் ரிப்போர்ட் ஒவ்வொன்றிலும் 'நோய் அறிகுறி இல்லாதவர்களுக்குப் புற்று உண்டா இல்லையா என்று இதை வைத்து முடிவு செய்ய முடியாது' என்று தமிழில், எண்ணின் அளவுக்கே பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லலாம். புற்றுநோய் மருத்துவரின் சீட்டு இல்லாமல் அந்தப் பரிசோதனையை பேக்கேஜில் சேர்க்கத் தடை விதிக்கலாம். ஊழியர்களுக்கு ஆண்டுப் பரிசோதனைக்குப் பணம் கட்டும் சிறுசேரி ஐ.டி. நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகள், அரசு சொல்லும்வரை காத்திராமல் இன்றைக்கே அந்த வரியை அடித்துவிட்டு, அந்தத் தொகையில் பயிற்சி பெற்ற செவிலியரை வரவழைக்கலாம்.

குடியிருப்போர் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. அடுத்த மருத்துவ முகாமுக்கு, கிளப் ஹவுஸில் திரை போட்ட ஒரு அறை, பயிற்சி பெற்ற ஒரு பெண் செவிலியர், கட்டி தட்டுப்பட்டவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் ஸ்கேனுக்குத் தேதி வாங்கித் தர ஒரு ஆள் இருந்தால் போதும். வீட்டு உரிமையாளர்களுக்கும் வேலை செய்யும் பெண்களுக்கும் ஒரே வரிசை. ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சியோடு போடும் ஒப்பந்தத்தில், முகாமுக்கு வரும் அரை நாளுக்கும் பிறகு ஸ்கேனுக்குப் போகும் நாளுக்கும் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று ஒரு ஷரத்தைச் சங்கம் சேர்க்கட்டும்; அதற்கு ஆகும் செலவைப் பராமரிப்புக் கட்டணத்தில் போட்டால் ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு வரும் என்பதை அடுத்த பொதுக்குழுவில் பொருளாளர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.